அரிசி களைந்த தண்ணீரும் ஒரு சீடம் செடியும்

வாசல்படிக்கும் டிரைவ்வேக்கும் நடுவில் எங்கள் வீட்டில் ஒரு முக்கோணத் துண்டு மண் இருக்கிறது. வெயிலெல்லாம் அங்கேதான் அடிக்கும், குளிர்காலத்தில் அள்ளுகிற பனியையெல்லாம் அங்கேதான் கொட்டுவோம், கூரியர்காரர் குறுக்கே நடந்து போவதும் அதன்மேல்தான். கனடாவின் ஸ்கார்பரோவில் இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருடத்தில் அந்த முக்கோணத்தில் இரண்டு ரோஜா, ஒரு லாவெண்டர், ஒரு ஹைட்ரேஞ்சா, பெயர் மறந்துபோன இன்னும் நாலைந்து என்று வரிசையாகக் கொன்றிருக்கிறேன். இப்போது அங்கே, கோடையில் முழங்கால் உயரத்துக்கு வளர்கிற ஆட்டம் ஜாய் என்ற பூச்செடி ஒன்று நிற்கிறது. இது அதற்கு ஆறாவது வருடம். அதை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஏனென்றால் வருடத்தில் மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு மணி நேர வேலைதான். அந்த ஒரு மணி நேரத்துக்கு வந்து சேர எனக்கு இரண்டு செடிகளும் அம்மாவின் ஒரு கோடைக்காலமும் செலவானது, அதுதான் கதை.

ஆட்டம் ஜாய் ஒரு சீடம். ஆங்கிலத்தில் ஸ்டோன்க்ராப் என்கிற கூட்டம், கல்லிடுக்கிலும் பாறைமேலும் வேர் பிடிக்கிற சதைப்பற்றுச் செடிகள். சீடம் என்றதும் பெங்களூர், ஊட்டி நர்சரிகளில் தொட்டியிலிருந்து பின்னல் மாதிரித் தொங்குமே கழுதைவால், அதை நினைத்துவிடாதீர்கள். அதுவும் சீடம்தான், ஆனால் மெக்சிகோக்காரர், எங்கள் ஊர் நவம்பரைக்கூடத் தாங்கமாட்டார். நான் சொல்வது ஐரோப்பா, ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலிருந்து வந்த வகையறா. மைனஸ் 30 வரை போனாலும் மண்ணுக்கடியில் அதுபாட்டுக்குக் கிடந்து, ஏப்ரலில் தலையை நீட்டும். ஆட்டம் ஜாய் ஜெர்மனியில் பிறந்தது. வுப்பர்டாலில் ஜார்ஜ் அரெண்ட்ஸ் என்பவருடைய நர்சரி இரண்டு வகைகளைக் கலந்து உண்டாக்கி 1955-இல் வெளியிட்டது. அங்கே அதன் பெயர் ஹெர்ப்ஸ்ட்ஃப்ராய்டெ, அதற்கும் இலையுதிர்கால மகிழ்ச்சி என்றுதான் அர்த்தம். கடையில் சில லேபிள்களில் சீடம் என்றிருக்கும், சிலவற்றில் ஹைலோடெலிஃபியம் என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம். 1977-இல் ஹிதெயாகி ஓபா என்ற ஜப்பானியத் தாவரவியலாளர் இந்த உயரமான, குளிரில் மேல்பாகம் பட்டுப்போகிற வகைகளைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். தோட்டக்காரர்கள் பாதிப் பேர் இன்னும் பழைய பெயரையே சொல்கிறோம்.

என் முதல் செடியை ஒரு சூப்பர் மார்க்கெட் வாகன நிறுத்தத்தில் மே மாதம் போடுகிற கூடாரத்தில் வாங்கினேன். எட்டு டாலர். மயிலாடுதுறைப் பக்கம் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவனுக்கு, செடியைக் கவனிப்பது என்றால் தண்ணீர், எரு, இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நல்ல ஆழமாகக் குழி வெட்டி, மாட்டெரு ஒரு மூட்டை, கம்போஸ்ட் அரை மூட்டை கலந்து நட்டு, தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செடி என்னவோ அசுர வேகத்தில் வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் வெற்றிலை அகலம். எனக்கும் பெருமை தாங்கவில்லை, போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் போட்டேன். ஆகஸ்ட் மாதம் பூக்கொத்து கனக்க ஆரம்பித்ததும் ஒரு நாள் சாயங்காலம் மழை, மறுநாள் காலையில் பார்த்தால் நடுவில் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி எல்லாத் தண்டும் வட்டமாக வெளிப்பக்கம் சாய்ந்து தரையில் கிடக்கிறது.

பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. யூரியாவை அள்ளி வீசுகிறவர்களைப் பார்த்து, பயிர் கருகருவென்று வரும், காற்றடித்தால் படுத்துக்கொள்ளும் என்று வரப்பில் நின்று சொல்வார். அதே கதைதான். சத்தும் நீரும் கூடினால் தண்டு நீளும், உள்ளே வலு இருக்காது. நெல்லுக்குத் தெரிந்த விஷயம் இதற்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். குச்சி நட்டு, சணல் கட்டி, எப்படியோ அந்த வருடத்தை ஓட்டினேன். அடுத்த ஏப்ரலில் அந்த இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் வேர்க்கிழங்கு கூழாகிக் கிடந்தது. இந்தப் பக்கத்து மண் களிமண், அதற்குள் நான் வெட்டிய குழி ஒரு வாளி மாதிரி நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆட்டம் ஜாய் குளிரில் சாகவில்லை, குளிர்கால ஈரத்தில் செத்தது. இந்தச் செடியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது செடி வாங்கிய வருடம் அம்மா வந்திருந்தார். ஆறு மாதம். இந்த முறை நான் உஷார், எரு இல்லை, மேடாக மணல் கலந்து நட்டேன், தண்ணீரும் வாரம் ஒருமுறைக்கு மேல் இல்லை. ஆனாலும் ஜூலையில் அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டால் கையோடு வருகின்றன. எனக்குப் புரியவேயில்லை. ஒரு நாள் ஆபீஸ் போகாமல் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பத்தரை மணிக்கு அம்மா சமையலறையிலிருந்து ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறார், அரிசி களைந்த தண்ணீர், அப்படியே செடியின் தலையில். காலையில் ஒன்று, பருப்பு களைந்தது தனியாக ஒன்று. "வாயில்லாத ஜீவன்டா, வெயிலில் வாடிப்போய் நிற்கிறது, நீ பாட்டுக்கு ஆபீஸ் போய்விடுகிறாய்" என்றார். ஊரில் கழுநீர் மாட்டுக்கு, மிச்சம் வாழைக்கு, எதுவும் வீணாகாது. இங்கே சிங்க்கில் ஊற்ற அவருக்குக் கை வரவில்லை. நான் என்ன சொல்ல? அம்மா, இது குடிக்காத செடி என்றேன். "குடிக்காத செடி எங்கேடா இருக்கிறது உலகத்தில்" என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. சாவகச்சேரிக்காரர், இந்தத் தெருவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அவர் வீட்டு முன்னால் இதே ஆட்டம் ஜாய் பத்துப் பன்னிரண்டு, வேலி மாதிரி. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் போலிருக்கிறது. "தம்பி, உதுக்குத் தண்ணி விடாதேங்கோ, அழுகிப் போயிடும். நட்டிட்டு மறந்திடுங்கோ" என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் திரும்பி, "அம்மா, நீங்கள் உந்த அரிசித் தண்ணியை என்ரை கறிவேப்பிலைக்குத் தாங்கோ" என்றார். அன்றிலிருந்து பாத்திரம் வேலி தாண்டிப் போனது. செடியை அந்த வருடம் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் அக்கா தன் செடியிலிருந்து நாலு தண்டு ஒடித்துக் கொடுத்தார். இப்போது முக்கோணத்தில் நிற்பது அந்த நாலில் ஒன்று.

ஒடித்த தண்டை எப்படி நடுவது என்றால், ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் ஒரு நாள், இரண்டு நாள் சும்மா போட்டு வையுங்கள், வெட்டுவாய் காய்ந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளும். ஒடித்தவுடன் ஈரத்தில் செருகினால் அழுகும். அப்புறம் மணல் கலந்த மண்ணில் செருகி, ஒருமுறை லேசாக நனைத்துவிட்டு விட்டுவிடலாம், இரண்டு மூன்று வாரத்தில் இழுத்துப் பார்த்தால் வராது, வேர் பிடித்துவிட்டது. விதையை எதிர்பார்க்க வேண்டாம், இது கலப்பினம், விதை பெரும்பாலும் மலடு. உலகத்தில் இருக்கிற ஆட்டம் ஜாய் எல்லாம் இப்படி யாரோ யாருக்கோ ஒடித்துக் கொடுத்த தண்டுதான் என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

வெயில் மட்டும் இதற்குப் பேரம் பேச முடியாத விஷயம். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் எரு போடாமலேயே நீண்டு சாயும். மண் ஏழையாக இருக்கலாம், இருக்கவேண்டும். நட்ட முதல் கோடையில் மட்டும் மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர், அதற்கப்புறம் வானம் பார்த்துக்கொள்ளும். உரம் கிடையாது. முயல் தொல்லை உண்டு, வசந்தத்தில் வருகிற இளங்குருத்து அதற்கு சாலட், முதல் ஒரு மாதம் கம்பி வலையை வட்டமாக வைத்துவிடுகிறேன். தண்டில் அசுவினி வந்தால் ஹோஸால் ஒரு பீய்ச்சு, சரியாகிவிடும்.

ஜூன் முதல் வாரம் ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்ய மனசு வராது. தண்டெல்லாம் ஒரு முழம்கூட வளர்ந்திராத நேரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். லண்டன் செல்ஸீ மலர்க் கண்காட்சி நடக்கிற மே கடைசியில் இங்கிலாந்தில் இதைச் செய்வதால் செல்ஸீ வெட்டு என்று பெயர், எங்கள் ஊரில் குளிர் போகத் தாமதமாவதால் ஒரு வாரம் தள்ளிச் செய்கிறேன். வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று கிளை விடும், செடி குட்டையாக, கெட்டியாக நிற்கும், பூக்கொத்து சின்னதாகவும் நிறையவும் வரும், என்ன, பூக்க ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும். முதல் வருடம் பாதிச் செடியை மட்டும் வெட்டிப் பார்த்தேன், பயம். வெட்டாத பாதி செப்டம்பர் மழையில் சாய்ந்தது, வெட்டிய பாதி அசையவில்லை. அப்புறம் நான் யோசிப்பதில்லை. வெட்டியதெல்லாம் நாற்று, தெருவில் இப்போது ஐந்து வீட்டில் நிற்கிறது.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். குடிக்காத செடி எப்படி உயிர் வாழும்? குடிக்காது என்று நான் சொன்னது தப்புதான், குடித்ததை விடாத செடி என்று சொல்லியிருக்க வேண்டும். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும்போது கூடவே நீரும் ஆவியாகப் போய்விடும். சீடத்தின் குடும்பமோ வறண்ட காலத்தில் பகலில் கதவைச் சாத்திவிட்டு, இரவில் குளிர்ச்சியில் திறந்து வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக இலைக்குள் பதுக்கி வைத்துக்கொள்ளும். விடிந்ததும் கதவு மூடியபடியே அந்தச் சேமிப்பைப் பிரித்துச் சமையல் நடக்கும். சீடங்களில் பலவும் தண்ணீர் கிடைக்கிற நாளில் சாதாரணச் செடி மாதிரிப் பகலிலேயே வாங்கும், காய்ந்தால் இரவுக்கு மாறிக்கொள்ளும், அவ்வளவு சாமர்த்தியம்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்து இறங்கியவர். பெஞ்சமின் ஹெய்ன், மொராவிய மதப்பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியல் வேலை பார்த்தவர். நம் ரணகள்ளி இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நோட்டுக்குள் வைத்துக் காத்திருப்போமே, அதன் இலையைக் காலையில் மென்றால் நன்றாகப் புளிக்கிறது, மத்தியானம் ருசியே இல்லை, சாயங்காலம் கொஞ்சம் கசக்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1815-இல் அச்சிட்டது. ராத்திரி சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிவிடுகிறது, அதுதான் ருசி மாறக் காரணம், ஆனால் அது முழுசாகப் புரிய இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. ரணகள்ளியும் ஆட்டம் ஜாயும் ஒரே குடும்பம், கிராசுலேசியே. அந்தக் குடும்பத்தின் பெயரையே இந்த இரவு வித்தைக்கும் வைத்திருக்கிறார்கள். தரங்கம்பாடிக்கு எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், கோட்டையைச் சுற்றிப் பார்த்து, கடலில் கால் நனைத்துவிட்டு வந்திருக்கிறேன், இந்த மனிதரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. (நீங்களும் மென்று பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். ரணகள்ளி இனத்தைத் தின்று ஆஸ்திரேலியாவில் மாடுகள் செத்திருக்கின்றன.)

அம்மாவிடம் இதை வீடியோ காலில் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். "அப்போ ராத்திரி ஊற்றினால் குடிக்குமா" என்றார்.

பூ எப்போது என்று கேட்பீர்கள். ஜூலையில் மொட்டுக் கட்டும், அப்போது பார்க்க அசல் ப்ராக்கலி. ஆகஸ்ட் கடைசியில் வெளிறிய ரோஸ், செப்டம்பரில் அடர் ரோஸ், அக்டோபரில் செங்கல் நிறம், பனி விழும்போது காப்பிக்கொட்டை நிறம். மற்ற பூக்களெல்லாம் கடையை மூடிய நேரத்தில் இது திறந்திருப்பதால் தேனீக்கள் வந்து மொய்க்கும், கதவைத் திறந்தால் ரீங்காரம் கேட்கும். செப்டம்பரில் மெக்சிகோவுக்குக் கிளம்புகிற மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் ஒன்டாரியோ ஏரிக் கரையோரமாகப் போகும்போது ஒன்றிரண்டு இதில் இறங்கிக் குடித்துவிட்டுப் போகும். போன வருடம் ஒரே நேரத்தில் மூன்று.

குளிர்காலத்தில் இதை வெட்டாதீர்கள். நவம்பரில் எல்லோரும் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று மொட்டையடிக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. காய்ந்த தண்டும் தட்டையான பூத்தலையும் பனியை ஒரு தட்டில் ஏந்துவது மாதிரி ஏந்திக்கொண்டு நிற்பதை ஜனவரியில் ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கே இந்தச் செடியை வைக்கலாம். இதிலும் அம்மாவுக்குச் சம்மதமில்லை. "ஏன்டா, வாசலில் பட்டுப்போனதை வைத்துக்கொண்டு, அபசகுனமாக" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். பட்டுப்போகவில்லை, மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கீழே தூங்குகிறது. மண்மட்டத்தில் அடுத்த வருடத்து மொட்டுகள் இலையுதிர்காலத்திலேயே உட்கார்ந்துவிடும், சின்ன முட்டைக்கோஸ் மாதிரி. பனி அவற்றுக்குப் போர்வை. டிரைவ்வேயில் தூவுகிற உப்போடு சேர்ந்த பனியை மட்டும் அதன்மேல் தள்ளாமல் பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரலில் பழைய தண்டுகளைக் கையால் ஒடித்தாலே வந்துவிடும், கத்தரிக்கோல்கூட வேண்டாம்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் பால்கனியிலும் வைக்கலாம், ஆனால் தொட்டிக்குள் வேர் நாலாபக்கமும் உறைந்துபோகும், தரையில் இருக்கிற பாதுகாப்பு அங்கே கிடையாது. மண்தொட்டி உறைந்து வெடித்துவிடும், பிளாஸ்டிக்கோ மரமோ நல்லது, அடியில் துளை கட்டாயம், குளிரில் சுவரோரமாகத் தள்ளி வையுங்கள். குட்டைச் சீடங்கள் இதற்கு இன்னும் சுலபம். ஏஞ்சலினா கோடையில் எலுமிச்சை மஞ்சள், குளிரில் ஆரஞ்சு ஆகிவிடும், ட்ராகன்ஸ் பிளட் பெயருக்கேற்ற சிவப்பு, நாலு அங்குல மண்ணில் படர்ந்துவிடும். இந்தத் தைரியத்தில்தான் கட்டடக் கூரைகளில்கூடப் பரப்புகிறார்கள். டொரண்டோ சிட்டி ஹால் கோபுரங்களைச் சுற்றிய அடிக்கட்டடத்துக்குப் பெரிய தட்டைக்கூரை இருக்கிறது, 2010-இல் தோட்டமாகத் திறந்தார்கள், சீடம்களை நிறம் நிறமாக நட்டு. அதே வருடம்தான் 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்குப் பசுமைக் கூரை வேண்டும் என்ற நகரச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. வேலை விஷயமாக டவுன்டவுன் போனால் அதில் ஏறி ஒரு சுற்று வருவேன், இலவசம்.

ஊரில் இருக்கிற சித்தி மகள் ஒருத்தி, பெட்டியில் இரண்டு தண்டு போட்டு எடுத்துவா என்கிறாள். முதலில், தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் செடியை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனாலும், குளிரில் தூங்கி எழுந்தால்தான் இது ஒழுங்காக வளரும், மயிலாடுதுறையில் எங்கே போய்த் தூங்குவது? கொல்லையில் ரணகள்ளி தானாகவே கிடக்கிறது, அதைத் தொட்டியில் வை என்றேன். கோபித்துக்கொண்டாள்.

இந்த வருடம் ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. போன செப்டம்பரில் செடி நடுவில் லேசாக விரிய ஆரம்பித்தது, எரு போடாமலேயே. வயசாகிவிட்டால் அப்படித்தான், மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நடச் சொல்வார்கள், நான் சோம்பேறித்தனத்தில் ஆறு வருடம் விட்டுவிட்டேன். முட்டைக்கோஸ் மொட்டுகள் இப்போது கட்டைவிரல் பருமன் வந்துவிட்டன, சனிக்கிழமை மண்வெட்டியால் மொத்தத்தையும் கிளப்பி, நாலாக வெட்டி, நடுவில் கட்டையாகிப்போன பகுதியைக் கழித்துவிட்டு நடவேண்டும். ஒரு துண்டு முக்கோணத்துக்கு, ஒன்று ஆபீஸ் நண்பருக்கு, ஒன்று எதிர்வீட்டுக்கு. நாலாவது துண்டைப் பின்பக்கம் தக்காளிப் பாத்தியோரமாக, நல்ல மண்ணில் நட்டுவைக்கப் போகிறேன். ஜூனில் அம்மா வருகிறார். டிக்கெட் போட்டாயிற்று.